பழைய பள்ளியின் ஒன்பதாவது உத்திரம்

போன மாதம் ஓர் இளம் பொறியாளர் என் கைப்பேசிக்கு மூன்று புகைப்படங்கள் அனுப்பினார். மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு பழைய வீடு. ஒரு படம் மங்கல். இன்னொன்றில் அவருடைய கட்டைவிரல் பாதிச் சுவரை மறைத்திருந்தது. கீழே ஒரே வரி: “மேடம், இடிக்கச் சொல்லிடலாமா?”

“வீட்டில் எத்தனை அறை?” என்று கேட்டேன்.

“தெரியல மேடம். உள்ள போகல.”

எனக்கு வந்த எரிச்சலில் கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடலாம் போல இருந்தது. அவர் விடவில்லை. மறுநாள் கூப்பிட்டு, “அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படி மேடம் பண்ணுனீங்க? எழுதுங்களேன், எங்களுக்கும் உதவும்” என்றார். எப்படிப் பண்ணினோமா? சில சமயம் இந்தப் பையனை விட மோசமாகப் பண்ணினோம். நானே பண்ணியிருக்கிறேன், புகைப்படம்கூட இல்லாமல், பத்தே நிமிடத்தில். அதை எழுதுகிறேன். உதவுகிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

என் ஊர் சாயர்புரம். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே அலுவலகம்தான். முதல் ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உப்புக் கிட்டங்கி, கருவாட்டுக் கிட்டங்கி, துறைமுகச் சாலையில் சரக்குக் கிட்டங்கி. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். கடல்காற்று கம்பியைத் தின்னும். கம்பி துருவேறி வீங்கிக் கான்கிரீட்டைத் தள்ளும். சொந்தக்காரர் அதன்மேல் இன்னொரு தடவை சிமென்ட் பூசச் சொல்லுவார். பூசினால் நோய் போய்விடும் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை எதிர்த்தே என் ஆயுள் போயிற்று.

அலுவலகத்தை நடத்தியவர் பர்னாந்து சார். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர். துறைமுகத்தில் பாலமும் மேடையும் கட்டிய அனுபவத்தோடு வெளியே வந்து தனியாக அலுவலகம் போட்டவர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் “ஏளா எஸ்தரு.” ஏதாவது தப்புச் செய்துவிட்டால் “எஸ்தர் மேடம், கொஞ்சம் உட்காருங்க.” அந்த ‘மேடம்’ காதில் விழுந்தாலே எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

அவரிடம் வேலை பார்ப்பவர்கள் ‘சுமார்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ‘இருக்கும்’ என்றும் சொல்லக் கூடாது. இருக்கு, இல்லை, பார்க்கவில்லை. இந்த மூன்றுதான் பதில். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நோட்டு. இடப் பக்கத்தில் கண்ணால் பார்த்தது, வலப் பக்கத்தில் காதால் கேட்டது. வலப் பக்கத்துச் சேதி இடப் பக்கத்தில் வந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். வெளியே டீக்கடையில் நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லை.

இனி அந்தப் பள்ளிவாசல். பெயர் சொல்லப் போவதில்லை. கடலுக்குப் பக்கத்துப் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. தெருக்காரர்கள் ‘பழைய பள்ளி’ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஜமாஅத்தின் செயலாளர் சாகுல் அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். தோணிகளுக்கும் விசைப்படகுகளுக்கும் கயிறு, நங்கூரச் சங்கிலி விற்கிற கடை அவருக்கு. பர்னாந்து சார் அன்றைக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் போயிருந்தார்.

“மேடம், நீங்களாவது வந்து ஒரு பார்வை பாருங்க. போன வாரம் எங்க வாப்பா தலையில காரை விழுந்துட்டு. நாலு தையல். தொழுதுகிட்டு இருக்கிற மனுசன் மேல கூரை விழுந்தா யாரு பதில் சொல்லுறது?”

போனேன். வெளியே கண்ணைக் கூசும் வெயில், உள்ளே இருட்டு. சாகுல் அண்ணாச்சி விரலை நீட்டிய இடத்தில் அண்ணாந்து பார்த்தேன். நடு வரிசையில் ஒரு கல் உத்திரம். அதன் வயிற்றில் நன்றாகத் தெரிகிற விரிசல். சுற்றிலும் கூரையில் ஈரத்திட்டு. தரையில் உதிர்ந்த காரை. அவ்வளவுதான் பார்த்தேன். அலுவலகத்தில் வேறொரு வரைபடம் முடிக்க வேண்டியிருந்தது. மனசு அங்கே இருந்தது.

“இது நிக்குமா மேடம்?”

“ரொம்ப நாள் தாங்காது அண்ணாச்சி. இடிச்சிட்டுப் புதுசாக் கட்டுறதுதான் நல்லது.”

இப்படித்தான் சொன்னேன். எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. வாயால்தான் சொன்னேன். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன் போல. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ‘இன்ஜினியர் அம்மா பார்த்துவிட்டு இடிக்கச் சொல்லிவிட்டார்கள்’ என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த வாரம் தெரு முனையில் ஒரு பலகை. அதில் நான்கு மினாராவும் ஒரு பெரிய கும்மட்டமும் வைத்த புதுப் பள்ளியின் படம். தெருவே இரண்டாகப் பிரிந்தது. இடித்தால் பள்ளியின் வாசலில் படுத்து மறிப்போம் என்று ஒரு கூட்டம். வெயிலில் தெருவில் பாய் விரித்துத் தொழுகிறவனுக்குத்தான் இடநெருக்கடி தெரியும் என்று இன்னொரு கூட்டம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் கருவாட்டுக் கிட்டங்கிக்குப் படிக்கட்டு வரைந்துகொண்டிருந்தேன்.

பர்னாந்து சாருக்குச் சேதி தெரிந்தது மீன் சந்தையில். திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார்.

“எஸ்தர் மேடம், கொஞ்சம் உட்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“பழைய பள்ளியில தூண் எத்தனை?”

“இருபது இருபத்தஞ்சு இருக்கும் சார்.”

“உத்திரம்?”

“பதினாறு இருக்கும்.”

“இருக்குமா, இருக்கா?”

பழைய பள்ளிக்கு நான் நோட்டே போட்டிருக்கவில்லை.

“விரிசல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?”

“நடுவுல சார்.”

“கூரைக்கு மேல ஏறிப் பாத்தீங்களா?”

“இல்ல சார்.”

“உத்திரம் மேல எவ்வளவு பாரம் இருக்குன்னு தெரியாது. எதனால விரிஞ்சதுன்னு தெரியாது. எத்தனை உத்திரம்னே தெரியாது. ஆனா இடிக்கணும்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. எனக்குக்கூட அவ்வளவு ஞானம் கிடையாது, மேடம். போய் அளந்துட்டு வாங்க. முடிச்சிட்டு, சொன்ன வாயாலேயே அவங்ககிட்ட மறுபடி சொல்லுங்க. எதைச் சொல்லணுமோ அதை.”

அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னதற்கு இவ்வளவா? இன்று யோசித்தால், அவர் என்னை வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம்.

லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவில் கிடைக்கிற மதிய நேரம்தான் எனக்கு. மூன்று வாரம் போனேன். முதல் நாள் வாசலில் காதர் மோதினார் மறித்தார். பாங்கு சொல்வதும் சாவி வைத்திருப்பதும் அவர்தான்.

“பொம்பளையாளு பள்ளிக்குள்ள வந்து ஏணி போட்டு ஏறுறது சரியா வருமாம்மா?”

“பத்து நிமிசம் வந்து இடிக்கச் சொன்னப்ப சரியா வந்துச்சே” என்றார் உள்ளே இருந்த ஒரு முதியவர். தலையில் கட்டு. அவர்தான் சாகுல் அண்ணாச்சியின் வாப்பா, தண்டல் மீரான். தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிறவர். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் பாய்மரத் தோணி ஓட்டிய மனிதர். அவர் சொன்னதில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. எனக்குக் குத்தியது. இமாம் வந்து, “கால் கழுவிட்டு, முக்காடு போட்டுட்டு வரட்டும், வேலைக்குத்தானே வாராக” என்று முடித்து வைத்தார். சர்ச்சுக்குப் போவதுபோல சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

அளக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரு ஒரு பக்கம் போகிறது, பள்ளி இன்னொரு பக்கம் திரும்பி நிற்கிறது. வாசலின் முதல் படி ஒரு முனையில் ஒரு சாண் அகலம், மறுமுனையில் ஒரு முழம். தெருவுக்கும் பள்ளிக்கும் இருக்கிற கோணல் மொத்தத்தையும் அந்த ஒரு படி வாங்கிக்கொள்கிறது. உள்ளே போனால் எல்லாம் நேர். தூண் வரிசை, சுவர், மேற்குச் சுவரில் மிஹ்ராப் என்கிற மாடம், ஒன்றுக்கொன்று விரலளவுகூடப் பிசகவில்லை. வெளிப்பள்ளியில், அதாவது முன்மண்டபத்தில், நான்கு வரிசையில் இருபத்துநான்கு கல்தூண்கள். அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே பதினாறு பட்டை. தலையில் வாழைப்பூ மொட்டுப் போல வளைந்து இறங்குகிற போதிகை. பட்டையில் கொடி ஓடுகிறது, பூ இருக்கிறது, ஓர் உருவம்கூட இல்லை. போதிகை மேல் உத்திரம். உத்திரம் மொத்தம் இருபது. அதன்மேல் நெருக்கி அடுக்கிய கல் பலகைகள், அதுதான் கூரை. சுவர் முழுக்க முருகைக்கல், கடலுக்குள்ளிருந்து எடுத்த பவளப் பாறை. சுண்ணாம்பு பூசியது. வெயில் நேரத்திலும் சுவரில் கை வைத்தால் குளிர்ச்சி.

இவ்வளவுக்கும் மேலே பச்சை எனாமல் பெயின்ட். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. தூணுக்கு இளம்பச்சை, அடிக்குக் கரும்பச்சை, பூவுக்கு மஞ்சள். மழமழவென்று ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி. ரமலானுக்கு ரமலான் ஒரு கோட்டிங். ஒரு பட்டையின் விளிம்பு அளக்க அரைமணி நேரம் சுரண்டினேன். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே இருந்து காரையைத் தள்ளியிருந்தது. தண்டல் மீரானின் தலையில் விழுந்தது அதுதான். உத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நோட்டின் வலப் பக்கமும் நிறைந்துகொண்டே வந்தது. பள்ளியை ஜின்கள் ஒரே ராத்திரியில் கட்டியது என்றார் காதர் மோதினார். மறுநாள் அவரே, கப்பல் உடைந்து பிழைத்த அரபு வியாபாரி நேர்ந்துகொண்டு கட்டியது என்றார். கல் கயத்தாறு பக்கத்திலிருந்து வண்டியில் வந்ததாம். இல்லை, கடலில் மிதந்து வந்ததாம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு நாள் சிப்பியில் பங்கு பள்ளிக்கு என்று ஒதுக்கி, அதில்தான் உத்திரங்கள் ஏறின என்று தண்டல் மீரான் சொன்னார். அதைக் கேட்க நன்றாக இருந்தது. இடப் பக்கத்தில் எழுதிவிடலாமா என்றுகூட ஆசை வந்தது. கல்லில் ஓர் எழுத்தாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. வலப் பக்கத்திலேயே எழுதினேன்.

தெருமுனை டீக்கடையில் ஒருவர், “தூணைப் பாத்தா கோயில் தூணு மாதிரில்லா இருக்கு?” என்று கண்ணைச் சிமிட்டினார். அதையும் எழுதிக்கொண்டு போய் சாரிடம் கேட்டேன்.

“அந்தத் தச்சனுக்குத் தெரிஞ்ச தூணு அதுதானே ஏளா. அவன் துருக்கியில போயா தூண் படிச்சிட்டு வருவான்? நீ அஸ்திவாரத்தைப் பாத்தியா?”

“பாத்தேன் சார். ஓரமாத் தோண்டிப் பாத்தேன். சுவரும் தூண் வரிசையும் கீழே இருந்தே தொழுகைத் திசையை, கிப்லாவைப் பாத்துத்தான் நிக்குது. சேர்த்துக் கட்டினதா எங்கயும் தெரியல. உருவத்தைச் செதுக்கி எடுத்த தடமும் இல்ல.”

“அப்ப தொழுகைக்குன்னே கட்டினது. எழுது. எந்தப் பக்கம்?”

“இடப் பக்கம்.”

அன்றைக்குத்தான் மறுபடி ‘ஏளா’ ஆனேன்.

இரண்டாவது வாரம் கூரைக்கு ஏறினேன். ஏறியதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை ஓடு பதித்த தளம், நடுவில் செங்கல் கட்டி அதன்மேல் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. ஓர் இடத்தில் ஒரு முழச் சதுரம் வெட்டச் சொன்னேன். வெள்ளை ஓட்டுக்குக் கீழே சிமென்ட். அதற்குக் கீழே தார்ச் சீட்டு. மறுபடி சிமென்ட். மறுபடி ஓடு, இந்தத் தடவை சிவப்பு. அதற்குக் கீழே செங்கல் ஜல்லி. அதற்கும் கீழேதான் பழைய சுண்ணாம்புத் தளம், பிறகு கல். கை முட்டிவரை குழிக்குள் போனது. ஒழுகும்போதெல்லாம் ஒரு அடுக்கு. பழைய அடுக்கை யாரும் எடுக்கவே இல்லை. மனுசன் நனைந்த சட்டையைக் கழற்றாமல் அதன்மேல் இன்னொரு சட்டை போட்டுக்கொள்வானா? கட்டடத்துக்கு மட்டும் செய்கிறார்கள்!

இத்தனையையும் தாங்கிக்கொண்டு பத்தொன்பது உத்திரங்கள் ஒரு கீறல் இல்லாமல் நிற்கின்றன. ஒன்பதாவது மட்டும் ஏன் விரிந்தது? விரிசலின் மேல் மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஓரத்துக் கண்ணாடி இரண்டும் அப்படியே இருந்தன. நடுவில் இருந்தது பத்தாம் நாள் உடைந்து கிடந்தது.

பர்னாந்து சார் நேரில் வந்தார். ஏணியில் ஏறவில்லை. கீழே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

“ஏளா, அந்த விசிறியைக் கழத்து.”

ஒன்பதாவது உத்திரத்தின் நடுவிலிருந்து ஒரு மின்விசிறி தொங்கியது. அதன் தலையில் கொக்கியை மறைக்கிற வெள்ளைக் கிண்ணம். விரிசல் அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. நான் முதல் நாளே அதைப் பார்த்தவள்தான். கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

விசிறியை இறக்கினோம். கல்லில் துளை போட்டு இறுக்கிய இரும்புக் கொக்கி. கட்டைவிரல் பருமனில் போட்டிருப்பார்கள். இப்போது துரு அடுக்கடுக்காக வீங்கி இரண்டு விரல் பருமனுக்குத் துளையை அடைத்திருந்தது. கொக்கியைச் சுற்றி விரிசல்கள் நாலாபக்கமும் பிரிந்தன. துருவின் வீக்கம் கல்லை உள்ளிருந்தே பிளந்திருக்கிறது. மேலிருந்த பாரம் அந்தப் பிளவை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மற்ற விசிறிகளெல்லாம் மரச்சட்டத்தில் தொங்கின. இந்த ஒன்றுதான் கல்லில்.

தரையில் கிடந்த விசிறியைத் துடைத்தேன். ஒவ்வொரு இறக்கையிலும் சிவப்பு எழுத்தில் கொடுத்தவர் பெயர்: தண்டல் செய்யது மீரான்.

சார் அதைப் படித்தார். “அறிக்கையில இரும்புக் கொக்கின்னு மட்டும் எழுது. யார் கொக்கின்னு எழுத வேண்டாம்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வெளிப்பள்ளியில் கூட்டம். நூறு பேருக்குக் குறையாது. சார் ஒரு தூணோரம் உட்கார்ந்துகொண்டார், பேச மாட்டேன் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நான் எழுந்தேன்.

“முதல்ல வந்தப்போ இடிக்கணும்னு சொன்னேன். அன்னைக்கு நான் எதையும் சரியாப் பாக்கல. சொன்னது தப்பு.”

இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல நான் இரண்டு நாள் வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னதும் சலசலப்பு. சாகுல் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“அன்னைக்கு ஒண்ணு சொன்னீய, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதீய. நாளைக்கு என்ன சொல்லுவீயன்னு யாருக்குத் தெரியும்? காரை உங்க தலையிலயா விழுந்துச்சு? எங்க வாப்பா தலையிலல்லா விழுந்துச்சு!”

நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு வலித்தது. கூரைமேல் இருக்கிற அடுக்குகளைச் சொன்னேன், பெயின்டைச் சொன்னேன், தொட்டியைச் சொன்னேன். கடைசியில் கொக்கி. அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்துக் காட்டினேன்.

“ஒரு கொக்கி பள்ளியை இடிச்சிருமாக்கும்!” என்று யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அவ்வளவுதான், தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

முன்வரிசையிலிருந்து தண்டல் மீரான் கையை நீட்டினார். கொக்கியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் துருவைக் கிள்ளினார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“சிரிக்காதீய. இது எங்க விசிறியில உள்ளது. நான்தான் கொடுத்தேன். கல்லுல ஓட்டை போட்டவனுக்கு ஏணி பிடிச்சதும் நான்தான். மரச்சட்டத்துல போட்டா ஆடும், கல்லுல போடுன்னு சொன்னதும் நான்தான்.”

கொக்கியை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

“நாப்பது வருசம் தோணி ஓட்டுனவன். ஆணி துருப்புடிச்சா பலகையைப் பொளக்கும்னு பச்சப் புள்ளைக்கும் சொல்லுவேன். பலகையைப் பொளக்குறது கல்லைப் பொளக்காதுன்னு நெனச்சிருக்கேன், பாருங்க. இந்தம்மா சொல்லுறது சரி. பாரத்தை எறக்குங்க. ஆணியைப் புடுங்குங்க. அதுக்கப்புறமும் தண்ணி ஏறுனாத்தான் தோணியை ஒடைக்கிறதைப் பத்திப் பேசணும்.”

சாகுல் அண்ணாச்சி வாப்பாவைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. “இதை ஏன் வாப்பா வீட்டுல சொல்லல?” என்றார் மெதுவாக.

“வீட்டுலயா ஓட்டை போட்டேன்?” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

இடிக்கும் பேச்சு அன்றோடு நின்றது. இடநெருக்கடி நின்றுவிடவில்லை. அதை நான் மறுக்கவும் இல்லை. தெற்குப் பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் பிறகு இரண்டு மாடிப் புதுக் கட்டடம் கட்டினார்கள். பலகையில் இருந்த கும்மட்டம் அங்கே ஏறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதனடியில் நிழலில் இருநூறு பேர் தொழுகிறார்கள், என் ரசனையை யார் கேட்டார்கள்?

பழைய பள்ளியில் ஒன்பதாவது உத்திரத்துக்குக் கீழே முதலில் சவுக்கு முட்டுக் கொடுத்தோம். பிறகு இரண்டு ஒல்லிக் கல்தூண். தொழுகை வரிசையை அதற்கேற்ப இமாம் ஓர் அடி தள்ளிக்கொண்டார். கூரை அடுக்குகளை உரிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதே நாட்களில் கீழே எனாமலைச் சுரண்டினார்கள். சுரண்டும்போது ஒரு பட்டையின் மூக்கை உடைத்துவிட்டு, சிமென்ட் வைத்துப் பூசி மறைக்கப் பார்த்தார்கள். ஒரு மனுசி ஒரே நேரத்தில் கூரையிலும் கீழேயும் எப்படி நிற்பாள்?

உரித்து முடித்த கடைசி நாள், கூரையில் கல் பலகைகள் வெறுமனே கிடந்தன. தென்னந்துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டு வந்தவர், “மேடம், இங்கன என்னமோ கீறி வச்சிருக்கு” என்றார். வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் உளியால் மெல்லக் கீறிய கோடுகள். குனிந்து பார்த்தேன். ஒரு போதிகையின் பக்கத் தோற்றம், முழு அளவில். மொட்டு வளைகிற வளைவு, அதன் நடுக்கோடு, அளவுக்கான சின்னச் சின்ன வெட்டுகள். கீழேபோய் ஒரு போதிகையை அளந்து வந்து பார்த்தேன். அச்சாக ஒன்று. தரையில் கிடந்த பலகையில் கல்தச்சர் வரைந்து பார்த்து, அதை வைத்துப் போதிகைகளைச் செதுக்கியிருக்கிறார். வேலை முடிந்ததும் அந்தப் பலகையும் கூரைக்கு ஏறிவிட்டது.

வளைவு முடிகிற இடத்தில் இரண்டு கோடு இருந்தது. முதல் கோடு கொஞ்சம் வெளியே போய்விட்டது. அதன்மேல் மூன்று குறுக்கு வெட்டுப் போட்டு அடித்துவிட்டு, உள்ளே தள்ளி இன்னொரு கோடு கீறியிருந்தார். அந்தக் கூரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். வெயில் சுட்டது. எழுந்திருக்க மனசில்லை.

பர்னாந்து சார் வந்து பார்த்தார். “அழகா இருக்கு. நாளைக்குச் சுண்ணாம்புத் தளம் போட்டு மூடணும், மேகம் கூடுது. சாயங்காலத்துக்குள்ள தாள்ல எடுத்துக்க” என்றார். எடுத்துக்கொண்டேன். மறுநாள் மூடினோம். அது சரியான முடிவு. மூடாமல் விட்டிருந்தால் அந்த மழைக்கே ஒழுகியிருக்கும்.

சும்மா இருக்குமா ஊர்? இரண்டே நாளில் பள்ளிக் கூரையில் பொக்கிஷ வரைபடம் கிடைத்ததாகப் பேச்சு. மூன்றாம் நாள் அது கடலுக்கடியில் முத்துச் சிப்பி விளைகிற, பார் என்கிற பாறைத் திட்டுகளுக்கு வழிகாட்டுகிற படமாம். காயல்பட்டினத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து கூரைக்கு ஏற ஏணி கேட்டார்கள். போட்ட தளம் காயும் முன் மிதித்துவிடுவார்களோ என்று நான் அங்கேயே காவல் இருந்தேன். சாகுல் அண்ணாச்சி என்னிடம் வந்தார். கூட்டத்துக்கு அப்புறம் அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

“மேடம், நீங்க எடுத்த படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல்ல வச்சிருவோம். அது என்னன்னு கீழே நாலு வரி எழுதிக் குடுங்க. ஏணி கேட்டு வாரவனுக்கு அதைக் காட்டி அனுப்பிருதேன்.”

எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் சரி மேடம். இந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே. ‘ஓர் இடத்தில் கல்தச்சர் கோட்டைத் தவறாகப் போட்டு, அடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறார்.’ வாரவுக படிச்சா நம்ம பள்ளியைப் பத்தி என்ன நெனைப்பாக?”

“இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன் அண்ணாச்சி.”

“இருந்தா என்ன? எழுதணுமா?”

தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஹவுள் தொட்டியின் கரையில் ஒளு செய்துகொண்டிருந்த தண்டல் மீரான், கையை உதறிக்கொண்டு வந்தார். தலையில் கட்டு இல்லை, தழும்பு மட்டும் இருந்தது. மகனிடமிருந்து தாளை வாங்கி, தூரப் பிடித்து, உதடு அசையப் படித்தார்.

“கீறுனவன் மறைக்கல” என்றார். “நீ ஏம்ல மறைக்கே?”

சாகுல் அண்ணாச்சி தாளை வாங்கி மடிக்காமல் பிடித்துக்கொண்டு, சட்டம் போடுகிற கடையைப் பார்த்து நடந்தார்.